டாப் ஸ்டேஷன்லேர்ந்து போடிக்கு ரயில் ஓடுச்சா, குரங்கணி பாதையில இன்னைக்கு நடக்கலாமா?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடுறேன். மூணாறு பக்கத்துல டாப் ஸ்டேஷன் வியூ பாயின்ட்ல நின்னப்ப ஜீப் டிரைவர் "வெள்ளைக்காரன் காலத்துல இங்கேர்ந்து போடி வரைக்கும் ரயில் ஓடுச்சு"ன்னு சொல்லியிருக்காரு, நெட்ல தேடினா ஒரு எடத்துல மோனோரயில்னு வருது இன்னொரு எடத்துல ரோப்வேன்னு வருது, எத நம்புறதுன்னு தெரியல. கூடவே, போடிப் பக்கம் மலையடிவாரத்துல இருக்குற குரங்கணியிலேர்ந்து மேல ஏறுற அந்த "பிரிட்டிஷ் டிரெக்கிங் ரூட்"ல முப்பது வருஷமா மலை ஏறாத 66 வயசு அப்பாவ கூட்டிட்டுப் போகலாமான்னும் கேட்டிருக்கீங்க. முதல் கேள்விக்கான பதில்லதான் ரெண்டாவதுக்கும் பதில் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் போடிக்காரன். நில அளவைத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டு ரிட்டயர்டு ஆனேன், அளக்குற சங்கிலியும் தியோடலைட் கருவியும் தூக்கிட்டு கொட்டகுடி, குரங்கணி, பாதி மலையில இருக்குற சென்ட்ரல் ஸ்டேஷன்ங்கற ஊரு பக்கமெல்லாம் பல தடவ ஏறி இறங்கியிருக்கேன். வரலாறு படிச்சவன் இல்ல, ஆனா ஒரு சரிவ பாத்தா அதுல என்ன போகும் என்ன போகாதுன்னு கண்ணு சொல்லிடும். அந்த வகையில முதல் பதில்: மேல ரயில் ஓடினது நிஜம். போடிக்கு இறங்கினது நிஜம் இல்ல. டாப் ஸ்டேஷனுக்கும் கொட்டகுடிக்கும் நடுவுல அஞ்சு கிலோமீட்டருக்குள்ள சுமார் ஆயிரம் மீட்டர் இறங்குது, அந்தச் சரிவுல சாதாரண ரயில் இறங்க வழியே கிடையாது. அங்க இறங்கினது ரோப்வே கம்பியில தொங்கின தேயிலைச் சுமை.

மேல ஓடினதுக்குப் பேரு குண்டளா வேலி ரயில்வே. 1902ல மூணாறிலேர்ந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியா டாப் ஸ்டேஷன் வரைக்கும் முதல்ல போட்டது மோனோரயில்தான், அதனால நெட்ல பாத்தது தப்பில்ல, ஆனா மோனோரயில்னு சொன்னதும் இன்னைக்கு சிங்கப்பூர்ல தூண் மேல ஓடுதே அத நெனச்சுக்காதீங்க. தரையில ஒத்தத் தண்டவாளம். வண்டியோட சின்னச் சக்கரம் அந்தத் தண்டவாளத்து மேல, எடையில பெரும்பங்கு அதுக்குத்தான். பக்கவாட்டுல ஒரு கை நீட்டின மாதிரி பெரிய சக்கரம் ஒண்ணு ரோட்டு மேல உருளும், அது வண்டி சாயாம தாங்குறதுக்கு மட்டும். இழுத்தது மாடு. இதுக்கு ஈவிங் முறைன்னு பேரு, பின்னாடி பாட்டியாலா சமஸ்தானத்துல போட்டதும் இதே முறைதான், அந்த இஞ்சின் டெல்லி ரயில்வே மியூசியத்துல இன்னும் இருக்கு, பாத்தீங்கன்னா ஒரே நிமிஷத்துல புரிஞ்சுடும். 1908ல மோனோரயில எடுத்துட்டு ரெண்டடி அகலத்துல ரெட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி இஞ்சின் விட்டாங்க. ஆக ஒரே வழியில ஆறு வருஷம் மாடு, பதினாறு வருஷம் இஞ்சின். 1924 ஜூலை மழையில அத்தனையும் போச்சு. மலையாளக் கணக்குல அது 1099ஆம் வருஷம், அதான் கேரளாவுல இன்னைக்கும் "தொண்ணூத்தொன்பது வெள்ளம்"னு சொல்றாங்க. மூணு வாரம் விடாம பேஞ்ச மழை. அதுக்கப்புறம் அந்த ரயில திரும்பப் போடவே இல்ல. மூணாறுல அப்ப ஸ்டேஷனா இருந்த கட்டடம் பின்னாடி தேயிலைக் கம்பெனி ஆபீஸ் ஆயிடுச்சு. மூணாறு நல்லதண்ணியில இருக்குற டீ மியூசியத்துல அந்த ரயிலோட சக்கரம் ஒண்ணு வச்சிருக்காங்க, அடுத்த தடவ போனா பாருங்க.

சரி, தேயிலைய ஏன் கிழக்க இங்கிட்டு கொண்டு வந்தாங்க? அந்தக் காலத்துல மூணாறிலேர்ந்து மேற்க கொச்சிப் பக்கம் இறங்குறது ஆறும் அடர்ந்த காடுமா இருந்த வழி. கிழக்க நம்ம பக்கம் செங்குத்தா இருந்தாலும் கீழ எறங்கிட்டா சமவெளி, மாட்டு வண்டி ஓடும். அதனால மூணாறு தேயிலை ரயில்ல டாப் ஸ்டேஷன் வந்து, அங்க ரோப்புல ஏத்தி கொட்டகுடிக்கு எறக்கி, அங்கேர்ந்து பதினஞ்சு கிலோமீட்டர் மாட்டு வண்டியில போடிக்கு வந்து, அப்புறம் தூத்துக்குடி போயி கப்பல் ஏறி இங்கிலாந்து போச்சு. வெறும் ரோப்பு மேல திரும்பிப் போகல, எஸ்டேட் ஜனங்களுக்கான அரிசியும் சாமானும் அதே கம்பியில ஏறுச்சு. தேயிலை எஸ்டேட்ல நெல்லு விளையாது, அத்தனை ஆயிரம் பேருக்கும் சோறு கீழேர்ந்துதான் போயாகணும். தேயிலை எறங்கின கதையத்தான் எல்லாரும் சொல்றாங்க, அரிசி ஏறின கதைதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

இந்த எடத்துல பல பேர் தடுக்கி விழுற ஒரு தப்ப சொல்லணும். "போடிக்கு வந்து ரயில்ல ஏத்தினாங்க"ன்னு நிறைய எடத்துல எழுதியிருக்கு, நானே ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா மதுரை போடி லைன் திறந்தது 1928ல. மேல ரயில் அழிஞ்சது 1924ல. நாலு வருஷ இடைவெளி! மேல ஓடின ரயிலும் கீழ போடி ரயிலும் ஒரு நாள் கூட ஒரே காலத்துல ஓடல. அப்ப நமக்குக் கிட்டத்துல இருந்தது மதுரை திண்டுக்கல் மெயின் லைன்தான், அம்மையநாயக்கனூர், அதாவது இன்னைக்கு கொடைரோடு ஸ்டேஷன். போடியிலேர்ந்து அங்க வரைக்கும் மாட்டு வண்டிதான் போயிருக்கணும். போடி வந்தா ரயில்ங்கற இன்னைய பழக்கத்துல அன்னைய கதையையும் எழுதிட்டாங்க, உங்க ஜீப் டிரைவர் சொன்னதும் இதுதான்னு நினைக்கிறேன், ரெண்டு நிஜமான ரயில ஒட்டி ஒரே ரயிலா ஆக்கிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல, அவருக்கு சொன்னவங்க அப்படி சொல்லியிருப்பாங்க.

டாப் ஸ்டேஷன்ங்கற பேரப் பத்தியும் ஒரு வார்த்தை. அந்த ரயில் லைனோட உச்சி ஸ்டேஷன், அதான் பேருன்னு பொதுவா சொல்றாங்க. இருக்கலாம். ஆனா மலையோட இந்தப் பக்கம் நடந்தவங்களுக்கு வேற ஒண்ணு கண்ணுல படும், சரிவோட பாதியில இருக்குற ஊருக்குப் பேரு சென்ட்ரல் ஸ்டேஷன், அடிவாரத்துல கொட்டகுடி பக்கம் இருந்ததுக்குப் பேரு பாட்டம் ஸ்டேஷன். ரயில் வராத சரிவுல எதுக்கு சென்ட்ரல் ஸ்டேஷனும் பாட்டம் ஸ்டேஷனும்? மூணும் ரோப்போட ஸ்டேஷன்கள், அந்த வரிசையில மேல இருந்தது டாப். என் கணிப்பு இது, நிரூபிச்சதா எடுத்துக்காதீங்க, ஆனா இந்த மூணு ஊர்ப் பேருகளும் ஒண்ணா நிக்கிறப்ப ரயில மட்டும் வச்சு பேருக்கு விளக்கம் சொல்றது எனக்கு ஒட்டல.

சென்ட்ரல்ல ஒரு வீட்டு வாசல்ல, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஒரு இரும்புச் சக்கரம் கிடந்துச்சு. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், நடுவுல குழி ஓடுற கப்பிச் சக்கரம். அந்தக் குழியோட ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு வழுவழுன்னு கத்தி முனை மாதிரி ஆயிருந்துச்சு, இன்னொரு பக்கம் வார்த்த அன்னைக்கு இருந்த சொரசொரப்பு அப்படியே. அந்த வீட்டுப் பெரியவர் அது மேல ஆட்டுக்குட்டி கயித்தக் கட்டிட்டு இருந்தாரு. "கம்பி ஒரு பக்கமாவே உரசும் சார், சரிவு இருக்குல்ல"ன்னாரு. எத்தனை ஆயிரம் சுமை அது மேல போயிருந்தா அந்த இரும்பு அப்படித் தேயும்னு யோசிச்சுட்டே உக்காந்துட்டேன், அன்னைக்கு அளக்க வேண்டியத அளக்கல. அடுத்த தடவ போனப்ப சக்கரம் இல்ல, பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இப்ப பாதைக்கு வருவோம். அத "பிரிட்டிஷ் டிரெக்கிங் ரூட்"னு சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பல. 1877ல ஜான் மன்றோ பூஞ்சாறு ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலைய குத்தகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடியே இந்த மலையில ஏறி இறங்குற ஒத்தையடிப் பாதை இருந்துச்சு, இந்த மலையோட பழங்குடிகளான முதுவர்களோட பாதை. மதுரையிலேர்ந்து மீனாட்சி சிலைய முதுகுல சுமந்துட்டு மலை ஏறினவங்க, அதனாலதான் முதுவர்னு பேருன்னு அவங்க சொல்வாங்க. இது வாய்வழியா வந்த கதை, தேதி போட்டு நிரூபிக்க முடியாது. ஆனா அவங்க பேச்சுல இருக்குற தமிழும், பிள்ளைய முதுகுல துணி போட்டுக் கட்டித் தூக்குற வழக்கமும் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. கண்ணன் தேவன்ங்கற பேருக்கும் இதே நிலைமைதான், கண்ணன்னும் தேவன்னும் ரெண்டு முதுவர் மூப்பனுங்க, அதாவது ஊர்த் தலைவருங்க, சர்வே பண்ண வந்த வெள்ளைக்காரங்களுக்கு வழி காட்டினாங்கன்னு ஒரு கதை, ரெண்டு பேர் இல்ல ஒரே ஆள்தான்னு இன்னொரு கதை. எது சரின்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வழி காட்டினது மலைக்காரங்கதான்ங்கறதுல மட்டும் ரெண்டு கதைக்கும் பேச்சு வித்தியாசம் இல்ல.

தேயிலை வந்தப்புறம் அதே பாதையில ஏறினது நம்ம ஜனங்க. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் பஞ்சம் பட்டினின்னு கெடந்த குடும்பங்கள கங்காணிங்க முன்பணம் குடுத்து கூட்டிட்டு வந்தாங்க, போடி வரைக்கும் நடை, அப்புறம் கொட்டகுடி, அப்புறம் ஏத்தம். சட்டி பானையும் கைக்குழந்தையுமா குளிருக்குப் போத்த ஒரு துணி இல்லாம ஏறினவங்க. மூணாறு லயங்கள்ல, அதாவது எஸ்டேட் லைன் வீடுகள்ல, இன்னைக்கும் தமிழ் கேக்குதுன்னா இந்த மாதிரி பாதைகள்ல ஏறின காலுங்கதான் காரணம். எங்க அப்பத்தாவோட அக்கா அப்படிப் போனவங்க, பதிமூணு வயசுல. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எறங்கி வருவாங்க. ஒரு தடவ என்கிட்ட சொன்னாங்க, "ஏறும்போது திரும்பிப் பாக்காத, பாத்தா ஊரு தெரியும், கால் ஓடாது"ன்னு. வியூ பாயின்ட்ல நின்னு கீழ போடி சமவெளிய நீங்க போட்டோ எடுத்தீங்கல்ல, அதே காட்சியத்தான் அவங்க பாக்க வேணாம்னு சொன்னாங்க.

ரோப்புல ஆள் போன கதைங்களும் எங்க ஊர்ல நிறைய. "எங்க தாத்தா தேயிலைத் தொட்டியில உக்காந்து மேல போனாரு"ன்னு பல வீட்ல சொல்வாங்க. கம்பிக்கு கிரீஸ் போடுறவங்க, கப்பி சரி பாக்குறவங்க தொங்கிட்டுப் போயிருப்பாங்க, எந்த ரோப்வேலயும் அது நடக்கும், அதனால நம்பலாம். கல்யாணப் பொண்ணையே ரோப்புல ஏத்தி அனுப்பினாங்கன்னு ஒரு கதை மூணு வெவ்வேற குடும்பத்துல மூணு வெவ்வேற பொண்ணு பேரோட கேட்டிருக்கேன், அத நான் கதையாத்தான் வச்சிருக்கேன். ஆனா எழுதி வைங்க, அதச் சொல்றவங்க இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருப்பாங்க.

இந்தப் பாதை இன்னும் வேலைப் பாதையாத்தான் இருக்கு, அதத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். முதுவாக்குடி, சென்ட்ரல் பக்கத்துலேர்ந்து காப்பி, மிளகு, இலவங்காய் எல்லாம் குதிரை முதுகுல குரங்கணிக்கு எறங்கும், அரிசி மூட்டை மேல ஏறும். வளைவுல குதிரை மணிச் சத்தம் கேட்டா மலைப் பக்கமா ஒதுங்கி நிக்கணும், பள்ளத்துப் பக்கம் நிக்கக் கூடாது, மூட்டை இடிச்சா போயிடுவோம். இது யாரும் போர்டுல எழுதி வைக்கல, நடந்து பழகினவங்களுக்குத் தெரியும். எந்த மாசம் எந்த ஓடையில தண்ணி இருக்கும், எப்ப மேகம் எறங்கினா திரும்பிடணும், எப்ப புல் காஞ்சு கிடக்குன்னு ஏறவே கூடாது, இதெல்லாமும் அவங்ககிட்டதான் இருக்கு.

அந்தப் புல்லப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. 2018 மார்ச் 11, குரங்கணி தீ. கொழுக்குமலையிலேர்ந்து எறங்கிட்டு இருந்த ரெண்டு குழு, பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைங்க, 23 பேர் போயிட்டாங்க. முதல்ல ஒண்ணு, அது டாப் ஸ்டேஷன் பாதையில நடக்கல, கொழுக்குமலைச் சரிவுல நடந்தது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஆனா புல்லு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆள் உயரத்துக்கு வளரும், சுக்குநாறிப் புல் மாதிரி தைலம் உள்ள ஜாதி நிறைய, மாசி பங்குனியில காஞ்சு சருகா நிக்கும். தீ மேட்ட நோக்கித்தான் வேகமா ஓடும், ஏன்னா கீழ எரியுற சூடு மேல இருக்குற புல்ல முன்னாடியே வறுத்து வச்சிடுது, மத்தியானத்துல காத்தும் மலை மேல ஏறுற காத்து. அந்தச் சரிவுல மேல ஓடி தீய ஜெயிக்க மனுஷனால முடியாது. ஏற்கனவே எரிஞ்சு கருகின எடத்துக்கோ, புல்லே இல்லாத பாறைக்கோ போயிடணும்னு மலைக்காரங்க சொல்வாங்க. தீ எப்படிப் பிடிச்சதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதுக்குள்ள நான் போகல. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடி பள்ளத்துல எறங்கி, போர்வையில கம்பு கட்டி பிள்ளைங்கள தூக்கிட்டு வந்தது குரங்கணி ஜனங்களும் மலை ஜனங்களும்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அன்னைக்கு ராத்திரி நாலு தடவ ஏறி எறங்கினான், அதுக்கப்புறம் ரொம்ப நாள் சரியாப் பேசல.

அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு அரசு 2018லயே மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல டிரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 40 வழித்தடங்கள வனத்துறை அனுமதியோட, உள்ளூர் ஆளுங்களையே வழிகாட்டியா வச்சு நடத்துறாங்க, ஆன்லைன்லயே பதிவு பண்ணலாம். பிப்ரவரி பாதியிலேர்ந்து ஏப்ரல் பாதி வரைக்கும் தீ காலம்னு மூடிடுவாங்க. இதுல சிலருக்குக் கோவம் இருக்கு, "காலங்காலமா நடந்த பாதைக்கு எதுக்கு டிக்கெட்டு"ன்னு. உள்ளூர்க்காரங்க கேட்டா அது நியாயமான கேள்வி. வெளியூர்லேர்ந்து வர்றவங்க கேக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன், பாதை தெரியாதவனுக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட வரணும், அவனுக்குக் கூலியும் கிடைக்கணும். நான் வனத்துறை ஆள் இல்ல, எந்த வழி எப்ப திறந்திருக்குங்கறது மாறிட்டே இருக்கும், கெளம்புறதுக்கு முன்னாடி அந்த சைட்லயோ போடி ரேஞ்ச் ஆபீஸ்லயோ கேட்டுட்டுக் கெளம்புங்க. அனுமதி இல்லன்னா இல்லதான், யூடியூப்ல யாரோ போனாங்கன்னு போகாதீங்க.

அப்பா விஷயம். குரங்கணியிலேர்ந்து டாப் ஸ்டேஷன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை, தூரம் பெருசில்ல, ஏத்தம்தான் பெருசு. தினம் நடக்குற பழக்கம் இருந்து, முட்டி நல்லா இருந்து, டாக்டர் சரின்னு சொன்னா 66ல முடியாதது இல்ல, எங்க ஊர்ல அதுக்கு மேல வயசானவங்க சுமையோட ஏறுறாங்க. ஆனா அவங்க வாழ்நாள் பூரா ஏறினவங்க. உங்க அப்பா முப்பது வருஷம் கழிச்சு ஏறப் போறாரு. அதனால அனுமதி கிடைச்சாலும் முழுசா ஏறணும்னு வச்சுக்காதீங்க, மார்கழி தை மாசத்துல வாங்க, விடிய முன்னாடி போடியிலேர்ந்து கெளம்பி குரங்கணி போயிடுங்க, வழிகாட்டியோட சென்ட்ரல் வரைக்கும் ஏறிட்டு மத்தியானத்துக்குள்ள எறங்கிடுங்க. எறங்குறதுதான் முட்டிக்குக் கஷ்டம், ஒரு கம்பு கையில இருக்கட்டும். டாப் ஸ்டேஷன மறுநாள் வண்டியிலயே பாத்துக்கலாம், போடிமெட்டு வழியா மூணாறு போயி சுத்தி வரணும், நூறு கிலோமீட்டர் கிட்ட ஆகும். தலைக்கு மேல தெரியுற எடத்துக்கு அத்தனை தூரம் சுத்துறப்ப அந்தக் கம்பிய ஏன் போட்டாங்கன்னு அவருக்கே புரியும்.

சென்ட்ரல்ல டீ கிடைச்சா உக்காந்து குடிங்க, அங்க இருக்குற பெரியவங்ககிட்ட ரோப்பு எங்க நின்னுச்சுன்னு அப்பாவையே கேக்கச் சொல்லுங்க. வயசானவங்க கேட்டா அவங்க நிறைய சொல்வாங்க. என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுதுங்க, அந்தக் கப்பிச் சக்கரம் வேற எந்த வீட்லயாவது கிடந்தா ஒரு போட்டோவும் போடுங்க.